கமாரோவின் பானெட்டுக்குள் பதினோரு அநாதை வயர்கள்

இருங்கள், கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். இப்போது தெரிகிறதா? இதோ, இங்கே ஒன்று, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் ஒன்று, கீழே செல்ஃப் மோட்டார் பக்கம் இரண்டு, ரேடியேட்டர் ஓரத்தில் ஒரு கொத்து. மொத்தம் பதினொன்று. எல்லாமே எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்குகின்றன. முன்னால் வைத்திருந்தவர் எஞ்சினை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே இறக்கி, வயர் மாட்டும் கட்டம் வந்ததும் கை கழுவிவிட்டு விற்றுவிட்டார். அதனால்தான் என் பட்ஜெட்டுக்குக் கிடைத்தது, குறை சொல்ல முடியாது.

வண்டி 1969 செவ்ரோலெ கமாரோ, 350 வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். போன வீடியோவில் சொன்னேன், வின், அதாவது வண்டியின் அடையாள எண், 124379என் என்று ஆரம்பிக்கிறது. அந்த 124-தான் இன்றைக்கு முக்கியம். 124 என்றால் ஃபேக்டரியிலேயே வி8-ஆகப் பிறந்தது, 123 என்றால் ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டர் வண்டியில் பிற்பாடு வி8 இறக்கியிருந்தால் பழைய ஹார்னெஸ், அதாவது வயர்க் கட்டு, அப்படியே கிடக்கும், வயர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எட்டாது, நாமும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். என் என்ற எழுத்து நார்வுட் ஃபேக்டரி. நான் இருப்பது சின்சினாட்டி, நார்வுட் இங்கிருந்து இருபது நிமிடம். ஃபேக்டரியை 1987-லேயே மூடிவிட்டார்கள், வண்டி மட்டும் பிறந்த ஊரைச் சுற்றிக்கொண்டு இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியாயிற்று. எதையும் எதிலும் மாட்டப் போவதில்லை, முதலில் பெயர் வைப்போம். மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டுகிறேன், தெரியாததற்குக் கேள்விக்குறி. காலையில் ஒட்ட ஆரம்பித்தபோது பதினொன்றில் ஒன்பது கேள்விக்குறி.

எல்லாரும் முதலில் கேட்பது நிறம்தான். ஜி.எம்.-இன் நிறக் கணக்கு நல்ல கணக்கு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஊதா என்றால் செல்ஃப், காக்கி ஹெட்லைட் லோ பீம், இளம்பச்சை ஹை பீம், பழுப்பு பார்க்கிங் லைட். இதெல்லாம் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த இரண்டு கரும்பச்சையைப் பாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கிறேன். ஒன்று எஞ்சின் சூட்டை டேஷ்போர்டுக்குச் சொல்லும் சென்டருக்கு (sender, தகவல் அனுப்பும் குட்டி பாகம்) போவது. இன்னொன்று ஹார்ன் ரிலேயிலிருந்து ஹார்னுக்குப் போவது. இரண்டும் ஒரே பச்சை! கருநீலம் இன்னும் மோசம், மூன்று இருக்கிறது: ஆயில் பிரஷருக்கு ஒன்று, ஆல்டர்னேட்டரின் எஃப் முனைக்கு ஒன்று, முன்பக்க வலது இண்டிகேட்டருக்கு ஒன்று. நிறத்தை மட்டும் நம்பி மாட்டினால் ஆயில் லைட் எரிய வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது எரியும்.

அதனால் நான் நிறத்துக்கு முன்னால் பார்ப்பது வயர் எங்கே கட்டிலிருந்து பிரிகிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று. ஐம்பத்தைந்து வருஷம் ஒரே இடத்தில் கிடந்த வயர், கையை விட்டதும் தானாகவே பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். இதோ, இந்தக் கரும்பச்சையை நேராக்கிப் பிடிக்கிறேன், விடுகிறேன்... பார்த்தீர்களா? டிரைவர் பக்கத்து சிலிண்டர் ஹெட்டில், ஒன்றாவது மூன்றாவது பிளக்குகளுக்கு நடுவே போய் நிற்கிறது. அங்கேதான் டெம்பரேச்சர் சென்டர். மற்ற கரும்பச்சை ரேடியேட்டர் பக்கமே சுருண்டு கிடக்கிறது, எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அப்போது அது ஹார்ன்தான். இப்படியே கருநீலத்தில் ஒன்று பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் ஓரமாகப் போகிறது. ஆயில் சென்டர் இருப்பதும் அங்கேதான்.

அதற்காக வளைவை மட்டும் நம்பி மாட்டிவிடாதீர்கள், மின்சாரத்திலும் ஒரு சாட்சி வேண்டும். இங்கே நான் நேற்று அரை மணி நேரம் ஏமாந்தேன். பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் பண்ணி, அந்த ஆயில் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன், 12 வோல்ட் காட்டியது. அட, சென்டர் வயரில் எப்படி 12 வோல்ட் வரும், இது வேறு ஏதோ பவர் வயர் என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. என் வண்டியில் மீட்டர் இல்லை, எச்சரிக்கை லைட்தான். பவர் டேஷ்போர்டில் இருக்கும் குட்டி பல்புக்கு வந்து, பல்பின் வழியாகவே இந்த வயருக்கு இறங்குகிறது, சென்டர் அதை எர்த் பண்ணினால் லைட் எரியும். வயர் அந்தரத்தில் இருக்கும்போது கரண்ட் ஓடாது, பல்பில் வோல்ட் குறையாது, மீட்டருக்கு முழு 12-உம் தெரியும்.

மல்டிமீட்டரை வைத்துவிட்டு சாதாரண டெஸ்ட் லேம்ப்பை எடுத்தேன், அதாவது உள்ளே நிஜ பல்பு இருக்கிற பழைய மாடல், எல்.இ.டி. வேண்டாம். கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை வயரில் வைத்தால், நேரடி பவர் வயராக இருந்தால் பளிச்சென்று எரியும். டேஷ்போர்டு பல்பு வழியாக வருவது என்றால் மங்கலாக எரியும், அங்கே ஆயில் லைட்டும் மங்கலாக எரியும். இந்தச் சோதனைக்காக இப்போது பேட்டரியை மாட்டியிருக்கிறேன், கேமராவை உள்ளே காட்டுகிறேன்... அதோ, இடது பக்கம், தெரிகிறதா? வெயிலில் சரியாகத் தெரியவில்லை, ஆனால் எரிகிறது. வயரை நேராக பிளாக்கில் தொட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அது நிஜமாகவே பவர் வயராக இருந்தால் தீப்பொறியும் புகையும்தான் மிச்சம். டெஸ்ட் லேம்ப் நடுவில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஆல்டர்னேட்டரின் நீலத்துக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பிளக்கை உருவிவிடுங்கள், அந்த வருஷ வண்டிகளில் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டருக்கு வெளியே தனியாகத்தான் இருக்கும். பிளக்கில் நான்கு வயர்: நீலம், வெள்ளை, சிவப்பு, பழுப்பு. மீட்டரின் ஒரு முனையை பிளக்கிலும் மறு முனையைத் தொங்கும் வயரின் நுனியிலும் வையுங்கள், நீலத்திலும் வெள்ளையிலும் பீப் சத்தம் கேட்டுவிட்டால் முடிந்தது, நீலம் எஃப் முனைக்கு, வெள்ளை ஆர் முனைக்கு.

இப்போது என் அசட்டுத்தனம். செல்ஃப் மோட்டார் கீழே, எக்ஸாஸ்டை ஒட்டி இருக்கிறது. அங்கே வரும் இரண்டு வயரும் வெந்து கருகி ஒரே நிறம், அடுப்படிக் கரித்துணி மாதிரி. ஒன்று ஊதா, சாவியைத் திருப்பும்போது சாலினாய்டுக்கு, அதாவது செல்ஃப் மோட்டாரை இயக்கிவிடும் மின்காந்த ஸ்விட்சுக்கு, உத்தரவு கொடுப்பது, எஸ் முனைக்குப் போக வேண்டும். இன்னொன்று மஞ்சள், ஆர் முனையிலிருந்து, பிளக்குகளின் தீப்பொறிக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலுக்குப் போவது, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் காயிலுக்கு முழு 12 வோல்ட் கொடுக்க. மற்ற நேரத்தில் காயிலுக்குத் துணி சுற்றிய ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் குறைந்த வோல்ட்தான் போகும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் பாயின்ட் தீய்ந்துவிடும். காரின் அடியில் படுத்துக்கொண்டு, முதுகில் தரை குத்த, இரண்டையும் குத்துமதிப்பாக மாட்டினேன். மாற்றி மாட்டிவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணினேன். சாவி ஆனிலேயே இருக்க, ஒரு நிமிடத்தில் ஃபயர்வால், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு, அதன் பக்கம் பழைய துணி கருகும் வாசனை. ரெசிஸ்டன்ஸ் வயரைத் தொட்டால் சுடுகிறது! காயிலுக்கு வர வேண்டிய கரண்ட் மஞ்சள் வயரில் இறங்கி, சாலினாய்டின் சுருள் வழியாக எர்த்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாலினாய்டை இழுக்க அது போதாது, வயரைச் சுட வைக்க தாராளமாகப் போதும்.

நுனியில் நிறம் போய்விட்டால் ஒரு ஜாண் மேலே போய் டேப்பைப் பிரியுங்கள். இதோ, நான் இன்று காலை பிரித்த இடம். டேப்புக்கு உள்ளே ஊதா கத்தரிக்காய்த் தோல் மாதிரி புதுசாகவே இருக்கிறது. பிரிக்கச் சோம்பலாக இருந்தால் தடிமனையாவது பாருங்கள், ஊதா நன்றாகப் பருமன், மஞ்சள் ஒல்லி. நேற்று விரலால் உருட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, தொங்குகிற வயருக்கெல்லாம் வீடு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சிலர் இந்த எஞ்சினில் பாயின்ட் இல்லாத, பிற்காலத்து ஹெச்.இ.ஐ. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டிருப்பார்கள், அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் வேண்டும், ரெசிஸ்டன்ஸ் வயரும் மஞ்சளும் தேவையே இல்லை. ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற ஆல்டர்னேட்டராக மாற்றியிருந்தால் அந்த வெளி ரெகுலேட்டர் பிளக் சும்மா கிடக்கும். என்னுடையது பாயின்ட்தான், எல்லாம் பழைய மாதிரியே.

பத்து முடிந்தது. பதினொன்றாவது இந்தச் சிவப்பு. ஜி.எம். வயர் இல்லை, தோல் பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கிறது, நடுவில் நீல நிற கிளிப் ஜாயின்ட் வேறு. பிடித்துக்கொண்டே போனேன், ஃபயர்வாலில் யாரோ டிரில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போய், டேஷ்போர்டுக்குக் கீழே பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. எந்தக் காலத்து கேசட் பிளேயரோ. இதோ, உருவி எடுத்துவிட்டேன், ஓட்டைக்கு ரப்பர் அடைப்பு வாங்க வேண்டும்.

பேட்டரியை மாட்டுகிறேன். சாவி ஆன், ஆயில் லைட் வந்தது. ரெசிஸ்டன்ஸ் வயரில் கை வைத்திருக்கிறேன், சூடு இல்லை. ஸ்டார்ட்... ஆ, சுற்றுகிறது, சுற்றுகிறது! கார்பரேட்டரில் பெட்ரோல் இல்லை, ஸ்டார்ட் ஆகாது. இருங்கள், கேனை எடுத்து வருகிறேன்.