கரப்பான்பூச்சியால் டைரக்டர் ஆனவர்

(திரைக்கதைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

பில்லி வைல்டர் ஏன் டைரக்டர் ஆனார் என்று கேட்டால், பாதிப் பதில் ஒரு கரப்பான்பூச்சியிடம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், மெய்தான்.

1906இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்றைய போலந்தில் உள்ள சின்ன ஊரொன்றில் பிறந்த யூதர். வியன்னாவில் நிருபர், பெர்லினில் திரைக்கதை எழுத்தாளர். 1933இல் ஹிட்லர் வந்ததும் பாரிஸுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டே ஹாலிவுட். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நிரந்தரமாகத் தங்க விசா வேண்டி, மெக்ஸிகோ எல்லையில் மெக்ஸிகாலி என்ற ஊரில் காத்துக் கிடந்தார்.

அந்த அனுபவத்தை ‘ஹோல்ட் பேக் த டான்’ படத்தில் ஒரு காட்சியாக்கினார். அவரும் சார்ல்ஸ் பிராக்கெட்டும் எழுதியது. இயக்கியவர் மிட்செல் லெய்சன். விசா கிடைக்காத நாயகன் எல்லையோர ஓட்டலில் படுத்துக் கிடக்கிறான். சுவரில் கரப்பான் ஏறுகிறது. கைத்தடியால் அதை மறித்து, குடியேற்ற அதிகாரி தோரணையில், ‘எங்கே கிளம்பிட்டே? பேப்பர் எல்லாம் இருக்கா?’ என்ற ரீதியில் விசாரிக்கிறான். எழுதிய கை எவ்வளவு அவமானத்தை விழுங்கியிருக்க வேண்டும்!

நாயகன் சார்ல்ஸ் பாயர், பூச்சியோடெல்லாம் பேசமாட்டேன் என்றுவிட்டார். டைரக்டரும் சரி என்றார். காட்சி போச்சு. வைல்டரும் லேசுப்பட்டவர் இல்லை. மிச்சமிருந்த பகுதியில் பாயரின் வசனங்களைக் கத்தரித்துப் பழிதீர்த்தார். படம் 1941இல் வந்தது. தன் எழுத்தை இனி யாரும் வெட்டக்கூடாதென்று, 1942இல் ‘த மேஜர் அண்ட் த மைனர்’ மூலம் வைல்டரே ஹாலிவுட்டில் டைரக்டர்.

ஆனால் கடைசிவரை அவர் தனியாக எழுதவில்லை. இது முக்கியம். 1950 வரை பெரும்பாலும் பிராக்கெட், 1957இலிருந்து ஐ.ஏ.எல். டயமண்ட். பிராக்கெட் காலத்திலேயே, ‘டபுள் இன்டெம்னிட்டி’ படத்துக்கு மட்டும் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர். இவர் கைத்தடியை ஆட்டி அதிகாரம் செய்கிறார் என்று சாண்ட்லர் ஸ்டூடியோவுக்குப் புகாரே எழுதினார். (கைத்தடி எங்கிருந்து எங்கே வந்துவிட்டது பாருங்கள்.) அந்தச் சண்டையில் பிறந்த வசனங்கள் இன்றும் கத்தியாக இருக்கின்றன.

ஒரு காட்சிக்காக அவ்வளவு கொதித்தவர், தன் காட்சியைத் தானே வெட்டியதும் உண்டு. ‘சன்செட் புலவார்ட்’ முதலில் பிணவறையில் தொடங்கியது. பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இல்லினாய்ஸில் எவன்ஸ்டனில் முன்னோட்டமாகத் திரையிட்டபோது ஜனங்கள் தப்பான இடத்தில் சிரித்தார்கள். முழுக்கத் தூக்கிவிட்டார். நடிகருக்கு வளையாதவர் ரசிகருக்கு வளைந்தார். இதைச் சமரசம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாயர் காட்சியைக் கேட்டதோடு மறுத்தார்; எவன்ஸ்டன்காரர்கள் பார்த்த பிறகு சிரித்தார்கள்.

அடுத்து ‘த அபார்ட்மென்ட்’ திரையிடப் போகிறோம். 1960ஆம் வருடப் படம். தயாரிப்பு, இயக்கம், திரைக்கதை என்று வைல்டருக்கு மூன்று ஆஸ்கர். அதில் நாயகி ஒரு கைக்கண்ணாடியை நாயகனிடம் நீட்டுவாள். கண்ணாடியில் விரிசல் இருக்கும். தான் நேசிக்கும் பெண் யாருடைய காதலி என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். யாரும் வாய்திறந்து விளக்கமாட்டார்கள். அந்தக் கண்ணாடி முன்பு எந்தக் காட்சியில், யார் கையில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.