தியான இல்லத்துக் கணக்குப்பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

பட்டணத்தை விட்டு வந்து பௌத்த தியான இல்லம் நடத்துகிறீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். இந்தத் தலைப்பு என்றாலே ஒரு கதை தயாராக இருக்கும். கைநிறையச் சம்பளம், மனசு நிறைய பாரம், திடீரென்று ஒரு ஞானம், மறுநாள் ராஜினாமா. என் கதையில் அத்தனை விறுவிறுப்பு கிடையாது. சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தேன். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். குமரி மாவட்டத்துத் தடிக்காரன்கோணம் பக்கம் அப்பா விட்டுப்போன ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம், இருந்தது. வந்துவிட்டேன்.

நகரத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள் மனதில் பெரும்பாலும் சித்தார்த்தன்தான் இருப்பார். நள்ளிரவு, தூங்கும் மனைவி, மகன், வாசலில் குதிரை. துறவு போகிறவருக்கு அது பொருந்தும். தியானத்துக்கு ஓர் இடம் திறக்க நினைப்பவர் பார்க்க வேண்டியது அனாதபிண்டிகரை. சாவத்தி நகரத்துப் பெரிய வியாபாரி. மழைக்காலத்தில் புத்தரும் பிக்குகளும் தங்க இடம் தேடி, ஜேத இளவரசனின் தோப்பைக் கேட்டார். காசைத் தரையில் பரப்பினாலும் தரமாட்டேன் என்று இளவரசன் சொல்ல, இவர் வண்டி வண்டியாகப் பொன்னைக் கொண்டுவந்து பரப்பியே விட்டார் என்பது கதை. அந்த ஜேதவனத்தில் புத்தர் 19 மழைக்காலங்கள் தங்கினார் என்று பௌத்த மரபு சொல்கிறது. இடம் கொடுத்தவரோ கடைசிவரை இல்லறத்தார். கடையையும் மூடவில்லை, ஊரையும் விடவில்லை.

நம் காலத்துக்கு வந்தாலும் அதே மாதிரி ஆட்கள்தான். இன்று விபாசனா என்று நாம் கேள்விப்படுகிற பத்து நாள் பயிற்சி, பர்மாவின் உ பா கின் வழியாக வந்தது. அவர் யார் தெரியுமா? 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமை, நம் தொழில்காரர்! தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் தியான மையம் திறந்த பிறகும் பல ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தார். அவருடைய மாணவர் கோயங்கா மண்டலேயில் பிறந்த வியாபாரி. ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போனவர், 1969இல் அந்தப் பயிற்சியோடு இந்தியாவுக்கு வந்தார். 1976இல் இகத்புரியில் மையம் தொடங்கியது. ஆக, வேலையை எழுதிக் கொடுத்தால்தான் மௌனம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

ஜேதவனக் கதையில் எனக்குப் பிடித்தது பொன் பரப்பிய இடம் அல்ல, அதற்கு முன்னால் அந்த வியாபாரி மனதில் போட்ட கணக்கு. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயப் பிடகத்தில் இருக்கிறது. ஊருக்கு ரொம்பப் பக்கமும் கூடாது, ரொம்பத் தூரமும் கூடாது. போக வரத் தோதாக இருக்க வேண்டும். பகலில் கூட்டம் கூடாது, இரவில் சத்தம் கூடாது.

இப்படி ஓர் இடத்தைக் குமரி மாவட்டத்தில் தேடிப் பாருங்கள்! 2011 கணக்கெடுப்பின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஒரு வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கோயில் கொடை முடிந்தால் குருசடித் திருவிழா, ஏதாவது ஒரு திசையில் மைக் செட் பாடிக்கொண்டே இருக்கும். நான் யாரிடமும் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. திருவிழா நமக்கு முந்தியது. பயிற்சிக்கு வந்தவர்களிடம், 'சத்தம் கேட்கிறது, அதோடு விடுங்கள், அது எந்தப் படத்துப் பாட்டு என்று போகாதீர்கள்' என்பேன். சிரமம் அங்கேதான். நம் ஊரில் யாருக்குத்தான் எந்தப் படம் என்று தெரியாது?

அப்புறம் ரப்பர் விளை. அமைதியான தோட்டம் என்று நினைத்து வருகிறார்கள். அதிகாலை 4 மணிக்கு எங்கள் மணி அடிக்கும்போது, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டு அண்ணன் பாதி வரிசையை முடித்திருப்பார். பட்டையில் மெல்லிசாக ஒரு கீறல், வழிகிற பாலுக்குக் கீழே சிரட்டை, அடுத்த மரம். ஒரு சொல் பேசமாட்டார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ரப்பர் காய் வெடிக்கும். டப்பென்று கொட்டை தகரக் கூரையில் விழும்போது, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் தோளும் ஒரே நேரத்தில் தூக்கிப் போடும். ஆனால் வந்தவர்கள் புகார் சொன்னது காயைப் பற்றி அல்ல, ஒட்டுப்பால் நாற்றத்தைப் பற்றி, பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கிடக்கிற பால் அது. மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பதுதான் முதல் மூன்று நாள் பாடம். அங்கேதான் அந்த நாற்றமும் வரும். ஒட்டுப்பால் சாக்கை விளையின் மறுகோடிக்கு மாற்றினோம். எல்லாவற்றையும் கவனிப்பால் தீர்க்க முடியாது, சிலதைத் தூக்கித் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

அக்கம்பக்கத்தார் முதலில் வர்மச் சிகிச்சையா, யோகாவா என்று கேட்டார்கள். அடுத்த கேள்வி, எந்த மதம் என்பது. 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. புதிதாக ஒரு கூரை எழும்பினால் அது யாருக்கு என்று கேட்கத்தான் செய்வார்கள், நியாயம்தான். வழி புத்தருடையது என்பதை நான் மறைப்பதில்லை. ஆனால் கூடத்தில் சிலை வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். நெற்றி நாமத்தோடு வருகிறார்கள், கழுத்தில் ஜெபமாலையோடு வருகிறார்கள், அவரவர் மூச்சைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இது இந்த மண்ணுக்கு அந்நியமும் இல்லை. மருந்துவாழ்மலையில் நாராயண குரு தவம் இருந்ததும், 1892 டிசம்பரில் விவேகானந்தர் பாறையில் அமர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத ஒருவர், இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன். சிதறால் மலையில் அவர் ஆட்சிக் காலத்துச் சமணக் கல்வெட்டு இருக்கிறது. அதே மன்னர்தான் மலையாளக் கரையில் ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்த மடத்துக்கு நிலம் கொடுத்தார், பாலியம் செப்பேடு அதைச் சொல்கிறது. சுமார் 1,100 ஆண்டுக்கு முந்தைய சங்கதி. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். 'ராஜா நிலம் கொடுத்தாரு, நீ வரி கெட்டணும் மோளே' என்றார்.

பண விஷயம். கோயங்கா வழி மையங்களில் தங்கவோ சாப்பிடவோ கட்டணம் கிடையாது. பயிற்சி முடித்தவர் மனமிருந்தால் அடுத்து வருகிறவருக்காகத் தானம் தருவார். நாங்கள் அந்த மையங்களில் ஒன்று அல்ல, சின்ன இடம், ஆனாலும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். துண்டு விழுவதை ரப்பர் ஷீட் விற்று ஈடுகட்டுகிறேன். விலை இறங்கினால் தேங்காய். நான் உட்காருவதைவிட நடப்பதுதான் அதிகம். பம்ப் ஓடவில்லை, கக்கூஸ் குழாய் அடைத்துக்கொண்டது, கேஸ் தீர்ந்துவிட்டது. குரு என்று யாராவது கும்பிட வந்தால் சாவிக்கொத்தைக் காட்டிவிடுவேன்.

வர நினைப்பவர்களுக்கு ஒன்று. மனநலச் சிகிச்சையில் இருந்தாலோ, தூக்கத்துக்கு மாத்திரை எடுத்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள், உங்கள் மருத்துவரையும் கேளுங்கள். பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் ஏற்றதல்ல. சிலரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறோம், கோபித்துக்கொண்டுதான் போனார்கள். மற்றபடி போன் வேண்டாம், டார்ச்சும் குடையும் கட்டாயம்.

பேசாமல் இருப்பதுதான் கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது மீன் இல்லாத சோறு. காலையில் கஞ்சியும் பயறும், மத்தியானம் அவியல், தீயல், சாயங்காலம் மட்டிப்பழம் என்று என்னதான் போட்டாலும், பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் ஒருவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, 'இப்ப சந்தையில சாளை என்ன விலை இருக்கும்?'

சமைத்துக்கொண்டிருந்த அக்கா மகள் பிரசவத்துக்காகக் களியக்காவிளை போயிருக்கிறார். கீரிப்பாறை பஸ்ஸில் வந்து போகத் தோதானவர்கள், மீன் போடாமல் புளிக்கறிக்கு ருசி கொண்டுவரத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வாருங்கள். சம்பளம் உண்டு. வணக்கம்.