கைமரம் எதில் பிணைந்திருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மணிக்கு 120 கிலோமீட்டர் வரை காற்று வீசியது. சாய்ந்த தென்னைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த இரவில் கூரை இழந்த குடிசைகளையும் ஓட்டு வீடுகளையும் மீண்டும் எப்படிக் கட்டுவது என்பதே இன்றைய என் பேச்சு.

புயலில் பெரும்பாலும் முதலில் போவது கூரைதான். கூரைக்கு மேலே விரைந்தோடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்க, காற்றடிக்கும் பக்கத்துச் சன்னல் உடைந்து உள்ளே புகுந்த காற்று கீழிருந்து முட்ட, இரண்டும் சேரும்போது ஓட்டின் எடை எதற்கும் ஆவதில்லை. வேகம் இருமடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகிறது.

பல வீடுகளில் கைமரத்தை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தை, சுவர்மேல் வைத்துச் சுற்றிலும் கலவை பூசிவிடுகிறார்கள். புயற்காற்றுக்கு அது ஒரு பிடிப்பே இல்லை. சுவரின் உச்சியில் நான்கு புறமும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை ஓட்டி, அதிலிருந்து எழும் இரும்புத் தகட்டால் ஒவ்வொரு கைமரத்தையும் பிணைக்க வேண்டும். அந்தப் பட்டை மூலைக் கம்பிகள் வழியே அஸ்திவாரம் வரை இணைந்திருக்க வேண்டும். கடலோர உப்புக்காற்று சாதாரண இரும்பைத் தின்றுவிடும் என்பதால் துத்தநாகம் பூசிய தகடே ஏற்றது.

தாழ்வாரத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் கூரையையே நீட்டித் திண்ணைக்கு மேல் இறக்குவது நம் வழக்கம். அந்த நிழலின் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் காற்று அதன் அடியில் புகுந்து மொத்தக் கூரையையும் நெம்பிவிடும். தாழ்வாரத்துக்குத் தனிக் கூரை போட்டிருந்தால், போனாலும் அது மட்டும் போகும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவைவிடப் பெரிய தடை அவசரம். கஜா வந்தது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். தார்ப்பாயின் கீழ் குழந்தைகளோடு ஒண்டியிருப்பவர், கிடைத்த கைமரத்தைக் கிடைத்த ஆணியால் அடித்துக் கீற்று வேய்ந்துவிடுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் இந்தப் பிணைப்பு முறையைக் கைப்பழக்கமாக்குவதும், உதவித்தொகையின் அடுத்த தவணையை விடுவிக்குமுன் பொறியாளர் ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதும் அரசின் பொறுப்பு. அவர் வர வேண்டியது பூச்சு வேலைக்கு முன்பு. பூசி முடித்த சுவரில் கம்பி இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.