டிராம் ஏக்கம் நியாயமானதே

(பட்டிமன்றத் தலைப்பு: ‘கல்கத்தா டிராமை நினைத்து ஏங்குவது நியாயமா, வெறும் பழம்பெருமையா?’ இது ‘நியாயமே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கி ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஏறிப் பழகிய கல்கத்தாத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய நண்பர் டிராமின் மேல் மூன்று குற்றம் சாட்டினார். ஆமை வேகம் என்றார். சாலையை அடைத்தது என்றார். ஒரு பெருங்கவிஞரின் உயிரைக் குடித்தது என்றார். அதனால் நீங்கள் ஏங்குவது டிராமுக்காக இல்லை, போன இளமைக்காக என்று முடித்தார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். முதலில் அந்த இளமைக் கதையைப் பார்த்துவிடுவோம்.

இளமைக்காக ஏங்குகிறவருக்கு எதற்காக ஏங்குகிறோம் என்று சொல்லத் தெரியாது. டிராமுக்காக ஏங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், விலாசத்தோடு சொல்வார். முன் பெட்டி முதல் வகுப்பு, தலைக்கு மேல் மின்விசிறி. பின் பெட்டி இரண்டாம் வகுப்பு, விசிறி கிடையாது, சார்ஜ் குறைவு. பஸ் படியைவிடத் தாழ்ந்த படி. சில நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம். மணிக்கயிற்றை கண்டக்டர் ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் இழுத்தால் போ. முட்டி வலிக்காரர் ஏறி முடிக்கிறவரை அந்த இரண்டாவது இழுப்பு வராது. இத்தனையும் இருந்த வசதி. இன்றைக்கு இல்லை. இருந்ததைத் தேடுவது எப்படிப் பழம்பெருமை ஆகும்?

‘அது ஒரு தகரப் பெட்டி, கட்டை வண்டி’ என்றும் ஒரு வார்த்தை வந்தது. அந்தக் கட்டை வண்டி எப்படி ஓடுகிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். சாலைக்கு மேலே ஒற்றைக் கம்பியில் 550 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.). கூரையில் ஸ்பிரிங் வைத்த நீண்ட கம்பம், அதன் நுனியில் பள்ளம் வெட்டிய சிறு கப்பி. ஸ்பிரிங் கம்பத்தை மேலே தள்ள, கப்பி கம்பியைக் கவ்விக்கொண்டு உருளும். மின்சாரம் கம்பம் வழியாக இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் திரும்பிப் போகும். டிரைவரின் இடக்கை கன்ட்ரோலர் கைப்பிடியில். அவர் நின்றபடியே ஓட்டுவார். கைப்பிடியைப் படிப்படியாகத்தான் திருப்ப வேண்டும். முதல் படிகளில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கும், மின்னழுத்தம் பங்காகும், வண்டி அலுங்காமல் நகரும். வேகம் பிடித்த பிறகு பக்கவாட்டு இணைப்புக்கு மாற்றினால் ஒவ்வொரு மோட்டாருக்கும் முழு 550 கிடைக்கும். இடைப்பட்ட படிகளில் மின்தடைச் சுருள்கள் வேலை செய்யும். அந்தப் படியிலேயே வண்டியை நிறுத்தி ஓட்டினால் சுருள் சூடேறிக் கருகும். அவசரப்பட்டு இரண்டு படி ஒரேயடியாகத் தாண்டினால் வண்டி குதிக்கும், நிற்கிறவர் விழுவார். டிராம் மெதுவாகக் கிளம்பியதைச் சோம்பல் என்கிறார் நண்பர். கையில் குழந்தையோடு நிற்கிற தாய் விழாமல் இருக்க அந்தக் கைப்பிடி காட்டிய பக்குவம் அது.

கோளாறே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி பிரிகிற சந்திப்புகளில் கப்பி சில நேரம் தடம் மாறிக் கழன்றுவிடும். ஸ்பிரிங்கின் விசையில் கம்பம் ஆகாயத்தைப் பார்த்து விர்ரென்று எழும். அந்த நொடியே விளக்கு அணையும், விசிறி சுற்றிச் சுற்றி ஓயும். பழகிய பயணிகள் யாரும் பதற மாட்டார்கள். கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போவார். கம்பத்தின் நுனியிலிருந்து தொங்குகிற கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தாழ்த்தி, அண்ணாந்து பார்த்தபடி கப்பியைக் கம்பிக்கு நேராகக் கொண்டு வந்து மெல்ல விடுவார். இரவு நேரமென்றால் பொருந்துகிற இடத்தில் ஒரு நீலப் பொறி. விளக்கு எரியும், இரண்டு மணி, வண்டி கிளம்பும். ஓர் ஆள், ஒரு கயிறு, அதிகம் போனால் ஒரு நிமிடம். நடுரோட்டில் பழுதாகி நின்ற பஸ்ஸை ஒரு நிமிடத்தில் கிளப்ப முடியுமா, எதிரணி சொல்லட்டும்.

மழைதான் டிராமின் உண்மையான எதிரி. மோட்டார் அடிப்பகுதியில் அச்சை ஒட்டித் தொங்குகிறது. வடகல்கத்தாவின் டண்டனியா காளி கோயில் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றால் மோட்டாருக்குள் நீர் புகுந்துவிடும், வண்டியை விட முடியாது. இன்னொரு தொல்லை தண்டவாளத்தின் பள்ளத்தில் இருக்கிறது. சக்கரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடுகிறது. அதில் மண்ணும் கல்லும் அடைந்து இறுகினால் விளிம்பு மேலே ஏறி வண்டி தடம் புரளும். அதற்குத்தான் பள்ளத்தை நாள் தவறாமல் சுரண்ட ஆள் வேண்டும். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் வேண்டும். இரண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் செப்பு இணைப்பு அறாமல் பார்க்க வேண்டும், அறுந்தால் மின்சாரம் மண்ணுக்குள் வழி தேடி, பக்கத்தில் போகிற தண்ணீர்க் குழாயை அரிக்கும். எல்லாமே ஆள் வைத்துச் செய்கிற சாதாரண வேலைகள். ஆளைக் குறைத்தார்கள், வேலை நின்றது, வண்டி புரண்டது. பழி வண்டியின் தலையில் விழுந்தது.

இனி ‘சாலையை அடைத்தது’ என்ற குற்றச்சாட்டு. என் உரையில் நடுவர் அவர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய இடம் இதுதான்.

நம் ராஷ்பிஹாரி அவென்யூவின் நடுவே டிராமுக்கென்று தனிப்பாதை இருந்தது. இருபுறமும் மோட்டார் வண்டிகள், நடுவே டிராம், ஓரத்தில் மரம். கட்டையும் ஜல்லியும் போட்ட பாதை. ஜல்லி பாரத்தைப் பரப்பும், மழைத்தண்ணீரை வடியவிடும். தண்டவாளம் ஓரிடத்தில் தாழ்ந்தால் ஜல்லியைக் குத்தி இறுக்கினால் போதும். பயணி இறங்கி அந்தத் தனிப்பாதையின் ஓரத்திலேயே நிற்கலாம், எந்தக் காரும் அவரைத் தொடாது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தத் தனிப்பாதையை கான்கிரீட்டால் மூடிச் சாலையோடு சமமாக்கினார்கள். என்ன ஆயிற்று? காரும் ஆட்டோவும் தண்டவாளத்தின் மேல் ஏறின. டிராம் அவற்றின் பின்னால் மணி அடித்துக்கொண்டு நின்றது. அது விலகிப் போக முடியாத வண்டி ஆயிற்றே! பயணி நடுச்சாலையில் இறங்க, இடப்பக்கம் பஸ் சீறிக்கொண்டு வந்தது. முதியவர்கள் பயந்தார்கள், ஏறுவது குறைந்தது. ஏறுகிறவர் குறைந்துவிட்டார் என்று வண்டியைக் குறைத்தார்கள். வண்டி குறைந்ததால் காத்திருப்பு நீண்டு, இன்னும் ஆள் குறைந்தது. பழுது பார்க்கவும் இனி கான்கிரீட்டை உடைத்தாக வேண்டும். வீட்டுக்குள் புகுந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து ‘நீ வழியை அடைக்கிறாய்’ என்றால், நடுவர் அவர்களே, தீர்ப்பு யார் பக்கம்?

வேகத்துக்கும் இதுவே பதில். தனிப்பாதையில் டிராமைத் தாமதப்படுத்தியது பெரும்பாலும் சந்திப்பு சிக்னல்தான். கார்களின் நடுவே மாட்டிய டிராமின் வேகத்தைக் காட்டி டிராமின் வேகம் என்கிறார்கள். கிதிர்ப்பூர் தடத்து டிராமை, நகர் நடுவே பரந்து கிடக்கிற ‘மைதானம்’ என்ற திடலின் புல்வெளி நடுவே பார்த்தவர்களுக்கு அது எப்படி ஓடும் என்று தெரியும். 1902 மார்ச் 27 அன்று இந்த நகரின் முதல் மின்சார டிராம் ஓடிய தடமும் அதுதான், நகர மையமான எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு. 2020 மே மாதத்து ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து கம்பி அறுந்தது. புயல் ஒரு நாளில் போய்விட்டது. டிராம் திரும்பவில்லை.

மூன்றாவது, கவிஞர் ஜீவனானந்த தாஸ். 1954 அக்டோபர் 14 மாலை, இதே ராஷ்பிஹாரி அவென்யூவில் தேசப்பிரிய பூங்கா அருகே டிராமில் அடிபட்டார். 22ஆம் தேதி காலமானார். வங்கமொழி பட்ட அந்த இழப்பை வாதத்துக்காகக்கூட நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ரப்பர் டயரைப் போல் பிடிக்காது, பிரேக் போட்ட பிறகும் நழுவும், திடீரென்று நிற்காது. இது டிராமின் குறை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் டிரைவரின் காலடியில் அந்தப் பெரிய மணியை வைத்தார்கள். ஆனால் டிராம் எந்த வழியாக வரும் என்பது தரையில் இரும்பால் எழுதி வைத்திருக்கிறது. நடைபாதைக்கு அது வராது, முந்துவதற்காக வளையாது. இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது நடுவில் நிற்கிறவருக்கு அந்த உத்தரவாதம் உண்டா?

நண்பர் தொடாமல் போன ஒன்றை நான் சொல்ல வேண்டும். நம் தமிழர்களுக்கு இதில் இரட்டை இழப்பு. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடிய ஊர் சென்னை, 1895 மே 7 அன்று. அப்போது கல்கத்தாவில் டிராமைக் குதிரை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சென்னை டிராம், கம்பெனி நொடித்துப்போய், 1953 ஏப்ரல் 12 அன்று நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? அன்றைக்கு லண்டனில் பதிவான ஆங்கிலேயக் கம்பெனிதான் இங்கு டிராமை நடத்தியது. இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏற்றினார்கள். பழைய கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா, அதில் ஒன்று. ஊரே தெருவுக்கு வந்தது. ஏறுகிறவர்கள் பழைய கட்டணத்தைத்தான் கொடுப்போம் என்று நின்றார்கள், கடையடைப்பு, தடியடி, கைது என்று மாதம் முழுக்கப் போராட்டம். கடைசியில் அந்தப் பைசா வாபஸ் ஆனது. அழகுப் பொருளுக்காக யாராவது ஒரு பைசாவுக்குத் தடியடி வாங்குவார்களா? கூலிக்காரரும் குமாஸ்தாவும் வேலைக்குப் போகிற வண்டி அது, அவர்களுடைய அன்றாடக் கணக்கில் இருந்த வண்டி. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு என்றால் என்ன என்று புரிய அந்த ஒரு மாதம் போதும்.

அந்த வண்டி எங்கெல்லாம் போனது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1943-ல் சுமார் 68 கிலோமீட்டர் தடம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹௌரா பாலம் திறந்தபோது அதன் மேல் முதலில் ஓடியதே ஒரு டிராம்தான். ஹௌரா ஸ்டேஷனில் மெயிலை விட்டு இறங்குகிறவர் பெட்டியும் படுக்கையுமாக டிராம் ஏறி ஊருக்குள் வரலாம். 1993-ல் பாலத்தின் பாரத்தைக் காரணம் சொல்லிப் பாலத்திலிருந்து டிராமை எடுத்தார்கள். 1986 கடைசியில் பேஹாலாவிலிருந்து ஜோகா வரை புதிதாகத் தடம் போட்டார்கள், மெட்ரோ வேலைக்காக 2011-ல் அதையும் நிறுத்தினார்கள்.

மெட்ரோ வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும், நல்லதுதான். நெடுந்தூரத்துக்கு அது வேண்டும். ஆனால் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போகிறவர் படி இறங்கி, பையைச் சோதனைக்குக் கொடுத்து, நடைமேடைக்கு நடந்து, மறுபடி படி ஏறுவதற்குள் டிராமில் போய்ச் சேர்ந்தே இருப்பார். மின்சார பஸ் வருகிறதே என்பார்கள். டன் கணக்கில் பேட்டரியைச் சுமக்கிற வண்டி அது, சில ஆண்டுகளில் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும், டயர் தேயும், சாலையும் தேயும். டிராம் தன் மின்சாரத்தைச் சுமப்பதில்லை, போகிற வழியில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நோனாபுக்கூர் பணிமனையில் பழைய டிராமின் உடலைக் கழற்றி, புது உடல் மாட்டி, திரும்பவும் தடத்தில் விட்டார்கள். பல பத்தாண்டுகள் உழைத்த வண்டிகள் அவை. புகை விடாத வண்டியைத் தேடி உலகம் அலைகிறது. நம்மிடம் 1902 முதல் இருக்கிறது.

2024 செப்டம்பரில், எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையே ஒரு பாரம்பரியச் சவாரி மட்டும் இருக்கும், மற்றத் தடங்கள் முடிந்தன என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். எதிரணியின் வாதம் சரியென்றால், அதாவது நம் ஏக்கம் வெறும் நினைவுக்கான ஏக்கம் என்றால், அந்தச் சவாரியே நமக்குப் போதும். மரப் பெஞ்சும் மணிச்சத்தமும் நீலப்பொறியும் அதில் கிடைக்கும்.

ஆனால் லேக் மார்க்கெட்டில் இரண்டு கை நிறையக் காய்ப்பையோடு நிற்கிற அம்மாவுக்குப் போக வேண்டிய இடம் அதே ராஷ்பிஹாரி அவென்யூவில் இருக்கிற கரியாஹாட். அந்தச் சவாரி டிராம் அவரை ஏற்றிக்கொண்டு கரியாஹாட் போகுமா என்பதை மட்டும் எனக்குப் பின் பேச வருகிற எதிரணி நண்பர் சொல்லிவிட்டு மேலே போகட்டும். வணக்கம்.