தரகு யார் கையிலிருந்து?

வணக்கம். போன மாதம் பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். நான்கு வருஷமாகச் சென்னையில் ஜாவா மொழியில் சாப்ட்வேர் எழுதுகிறவன். "அண்ணே, ஜெர்மனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். இப்போது பாதி கட்டினால் போதுமாம். கட்டலாமா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. நம் ராமநாதபுரம் கரையில் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போவது, என்றாலே ஏஜென்டுக்குப் பணம் கட்டுவது என்றுதான் பழக்கம். நகையை அடகு வைத்து விசாவுக்குக் கட்டிய கதை கீழக்கரையிலும் உண்டு, தேவிபட்டினத்திலும் உண்டு. அந்த வழியில் போகிறவர்களுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. வெளியுறவுத் துறையில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா இல்லையா என்று அந்தத் துறையின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

சாப்ட்வேர் வேலையில் காசு எதிர்ப்பக்கமாகப் போகும். ஆள் தேடுகிற கம்பெனிதான், ஆளைக் கண்டுபிடித்துத் தரும் ரெக்ரூட்டருக்குக் கொடுக்கும். பொதுவாக நம் முதல் வருஷச் சம்பளத்தில் 15 முதல் 25 சதவீதம். அதுவும் நாம் வேலைக்குச் சேர்ந்தால்தான். வேலை தேடி வருகிறவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று பிரிட்டனில் 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, இலவசம்தானே என்று மகிழ்ந்துவிடவும் வேண்டாம். தரகு யார் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் தரகர். ரெக்ரூட்டர் நல்ல மனுஷராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு இந்த மாதம் ஓர் இடம் நிரம்பியாக வேண்டும். முதல் போனிலேயே "இப்போது என்ன சம்பளம்?" என்பார். அதைச் சொல்லிவிட்டால் பேரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். "இந்த வேலைக்கு ஒதுக்கியிருக்கும் தொகை என்ன?" என்று நாம் திருப்பிக் கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். பல தடவை சொல்லியும் விடுவார்.

நான் பட்ட அடி வேறு. 2016-இல் வெறியாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் சிவியை, அதாவது என் படிப்பு, வேலை விவரக் குறிப்பை அனுப்புவேன். ஆம்ஸ்டர்டாமில் ஒரு கம்பெனி. எனக்கென்றே செய்தது போன்ற வேலை. இரண்டு ரெக்ரூட்டர்கள் ஒரே வாரத்தில் என் சிவியை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் என்னிடம் கேட்கவே இல்லை. கமிஷன் யாருக்கு என்று தகராறு. கம்பெனிக்கு எதற்கு வம்பு? என்னையே விட்டுவிட்டது. பாம்பன் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்த மெயிலைப் படித்தேன். கடற்காற்றில் கண் எரிகிறது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ரெக்ரூட்டர் பெயர், எந்தக் கம்பெனி. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் சிவி கேட்டால், "என்னைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்வேன். கடையில் சுண்டல் பாக்கி எழுதுகிற மாதிரியான நோட்டுதான். கணினிக்காரன் கையில் நோட்டா என்று என் மனைவி சிரிப்பாள்.

கம்பெனி உண்மையா என்று பார்ப்பது இப்போது சுலபம். வெளிநாட்டு ஆளை அழைக்க உரிமை பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டனும் நெதர்லாந்தும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஜெர்மனிக்கு என்றால், நம் கல்லூரிப் பட்டம் அங்கே செல்லுமா என்பதை அனாபின் என்கிற தளத்தில் தேடலாம். பெரியபட்டினத்துத் தம்பியை முதலில் அதைத்தான் பார்க்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பேருக்கு ஓர் இன்டர்வியூ, பெரிய சம்பளம், டிக்கெட் அவர்களே போடுவார்கள், சுற்றுலா விசா போதும் என்பார்கள். இங்கே பணம் கேட்கவில்லை என்பதால் நம்பிப் போனவர்களும் உண்டு. ஒழுங்கான கம்பெனி மூன்று நான்கு சுற்று கேள்வி கேட்டுக் களைப்பாக்கித்தான் எடுக்கும். வேலை விசா கையில் வராமல் விமானம் ஏறச் சொல்லாது.

அந்த அடி பட்டதற்கு அடுத்த வருஷம் எனக்கு ஆம்ஸ்டர்டாமிலேயே வேலை கிடைத்தது, ஒரு ரெக்ரூட்டர் மூலமாகவே. அப்பா மண்டபத்தில் கருவாடு வியாபாரம். "அந்த ஆளுக்கு எவ்வளவு கட்டினாய்?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். நம்பவில்லை. கிளம்புகிற அன்று என் பெட்டியில் ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டைச் சுற்றி வைத்து, "அவருக்குக் கொடுத்துவிடு" என்றார். அந்த ரெக்ரூட்டரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆம்ஸ்டர்டாம் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நானே குழம்பு வைத்தேன். மேல்மாடிக்காரர் வந்து, கேஸ் கசிகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.