வெளிச்சத்துக்குக் காத்திருந்தவர்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இளையோருக்கான ஒளிப்பட வகுப்பின் முதல் நாள் மாலை பேசியது)

முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பின்னால் சுவரோரம் நிற்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்த ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். இங்கே இருக்கிற பல வீட்டுத் தாலிகட்டு என் கேமரா வழியாகத்தான் ஆல்பத்துக்குப் போயிருக்கிறது. இந்தத் தொழிலில் உனக்குக் கண்ணைத் திறந்தது யார் என்று கேட்டால், நான் நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரைத்தான் சொல்வேன். ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா.

1939 இல் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்தவர். நம்மைப் போலவே கடலுக்கு இந்தப் பக்கத்துத் தமிழர். பள்ளியில் படிக்கும்போது சுற்றுலா போன இடத்தில் ஒரு படப்பிடிப்பைப் பார்த்தார். ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' படத்தை இலங்கையில், களனி ஆற்றங்கரையில் எடுத்துக்கொண்டிருந்த நேரம். இயக்குநர் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். மழையையே வரவைக்கிற ஆள் யார் என்று அந்தப் பையன் வியந்து நின்றிருக்கிறான். சினிமா ஆசை அங்கேதான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். குவாய் நதி என்றால் என்ன என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சயாம் மரண ரயில், இரண்டாம் உலகப் போரில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதை. 1942 இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் ஜப்பானியர்கள் போட்டு முடித்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். நம் தீம்பார்களிலிருந்து, அதாவது ரப்பர் தோட்டங்களிலிருந்து, லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் ஏறத்தாழ 90,000 ஆசியத் தொழிலாளர்கள் செத்தார்கள் என்று கணக்கு. அதில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். என் தாத்தாவின் அண்ணனும் போனார், திரும்பவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று காட்ட எங்கள் வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

அந்தப் பாலத்தைப் பற்றிய படம் ஏழு ஆஸ்கார் வாங்கியது. ஒளிப்பதிவுக்கும் ஒன்று. ஆனால் கதை பிரிட்டிஷ் போர்க்கைதிகளுடையது, நம் ஆட்கள் அதில் இல்லை. படம் எடுக்கிறவன் எங்கே கேமராவைத் திருப்புகிறானோ அந்த முகம்தான் மிஞ்சும். இதை என் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பாலு மகேந்திராவுக்கு வருவோம். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969 இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். முதல் படம் மலையாளத்தில், ராமு காரியாட் இயக்கிய 'நெல்லு'. அதற்கே கேரள அரசின் விருது. தமிழில் 1978 இல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்குக் கேமரா பிடித்தார். தானே இயக்கிய 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்காகவே தேசிய விருது கிடைத்தது. விருதுக் கணக்கை இதோடு விடுகிறேன்.

அவர் செய்தது என்ன? அந்தக் காலத்து வண்ண ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அதனால் ஸ்டூடியோவில் பெரிய பெரிய விளக்கை ஏற்றி நேராக முகத்தில் அடிப்பார்கள். ஓர் ஆள் நின்றால் பின்சுவரில் இரண்டு மூன்று நிழல் விழும். ராத்திரிக் காட்சியிலும் முகம் பளபளவென்று இருக்கும். பாலு மகேந்திரா இந்த அறையில் ஜன்னல் எங்கே என்று முதலில் பார்த்தார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஆளைத் திருப்பினார். விளக்கு போட்டாலும் அது ஜன்னல் வெளிச்சம் மாதிரியே இருக்கும். முகத்தில் ஒப்பனை அப்பவிட மாட்டார். மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் திரையில் இவ்வளவு அழகாக இருக்குமா என்று நான் அவர் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1988 இல் வந்த 'வீடு' படத்தில் ஒரு காட்சி. சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக நடித்திருப்பார். பேத்தி கட்டுகிற வீடு பாதியில் நிற்கிறது. தாத்தா தனியாக, தள்ளாடித் தள்ளாடி, அதைப் பார்க்கப் போகிறார். உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறார். பூசாத செங்கல் சுவர், வயசான கை, பகல் வெளிச்சம். இதைத் தவிர அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது? ஆனால் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை, விட்டு டவுனில் மலிவு விலை வீடு வாங்கியபோது, சாவி கையில் கிடைத்த அன்றைக்கு, அவரும் இப்படித்தான் ஒவ்வொரு சுவராகத் தொட்டுக்கொண்டு நடந்தார். நான் கேமராவை எடுத்துப்போகவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

அதற்கப்புறம்தான் மணப்பெண் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதைக் குறைத்தேன். வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, கதவை ஒரு பாதி சாத்தி, ஒரு நிமிடம் சும்மா நிற்கச் சொல்வேன். படம் இருட்டாக இருக்காதா அண்ணே என்று கேட்பார்கள். கையில் கொடுத்தபின் யாரும் கேட்டதில்லை.

தம்பிகளா, இந்த வெளிச்சத்தை உங்கள் பாட்டிமார்கள் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே வேலை. மரத்துக்கு மரம் அந்தச் சின்ன வெளிச்சம் நகரும். மங்கில், அந்தச் சின்னக் கிண்ணத்தில், வெள்ளையாகப் பால் சொட்டும். அப்புறம் மெல்ல விடியும், இலைக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாகத் தோளில் விழும். எந்த ஸ்டூடியோவாலும் இதை அப்படியே செய்ய முடியாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடும். விடிகிற நேரத்து நீல வெளிச்சம் நமக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம்.

இப்போது பால் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். லயங்களையும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலு மகேந்திரா 2014 பிப்ரவரி 13 இல் காலமானார். கடைசி ஆண்டுகளில் சென்னையில் ஒரு சின்னப் பட்டறை நடத்தி இளைஞர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாலா, வெற்றிமாறன், ராம் எல்லாரும் அவரிடம் உதவியாளராக இருந்தவர்கள்தான்.

நம் வகுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிட வேண்டும், ஏழு மணிக்கு வந்தால் பாதி போய்விடும். ஊருக்கு வெளியே கொஞ்சம் பால் மரம் இன்னும் நிற்கிறது. எழுபது தாண்டிய ஒரு பாட்டி, நாற்பது வருடம் பால் வெட்டியவர், கத்தியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கைப்பேசி இருந்தால் போதும். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பாட்டியை இங்கே நில்லுங்கள், அங்கே நில்லுங்கள் என்று சொல்லக் கூடாது. அவர் மரத்துக்கு மரம் போவார், நாம் பின்னால் போவோம். முதல் பத்து நிமிடம் யாரும் படம் எடுக்க வேண்டாம், பாருங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் பாட்டியின் முழுப் பெயரையும், எந்தத் தீம்பாரில் வேலை செய்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.