லுவாங்வாவில் கால்நடையாக: நடை சஃபாரி செல்வோருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் காடுகளில் எடுத்த படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். சிங்கம் படுத்திருக்கும். பத்துப் பதினைந்து அடி தள்ளி, திறந்த ஜீப்பில் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிங்கம் கண்ணைத் திறந்துகூடப் பார்க்காது. அதே சிங்கம், நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு மனிதன் நடந்து வருவதைக் கண்டால் தலையை உயர்த்தும், எழும், பெரும்பாலும் புதருக்குள் போய்விடும். ஜீப்பும் அதில் இருப்பவர்களும் சேர்ந்து அதன் கண்ணுக்கு ஒரே உருவம். நாள்தோறும் வந்துபோகிற, தீங்கு செய்யாத உருவம். நிமிர்ந்து நடக்கும் மனிதனோ தலைமுறை தலைமுறையாக ஈட்டியும் துப்பாக்கியும் பிடித்து வந்தவன். திறந்த வண்டியில் எழுந்து நிற்காதீர்கள் என்று ஓட்டுநர் சொல்வதும் இதனால்தான். ஒருவர் எழுந்த கணமே அந்த ஒற்றை உருவம் உடைந்து, மனிதன் தெரிந்துவிடுகிறான்.

விலங்கை மிக அருகில் பார்க்கவேண்டும், படம் எடுக்கவேண்டும் என்றால் வண்டிதான் சரி. நடை சஃபாரி வேறு காரியம். ஒரு விலங்கை அது நம்மை அறியுமுன் நாம் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு, அது மேய்வதை நிறுத்தாதபடி விலகி வந்துவிடவேண்டும். யானை கோபத்தோடு நம்மை நோக்கி நாலடி எடுத்து வைத்தால், ஊருக்குத் திரும்பிச் சொல்ல நல்ல கதைதான். ஆனால் அந்த நடையில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்றே நான் சொல்வேன்.

இன்று நான் பேசப்போவது ஜாம்பியா நாட்டின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவைப் பற்றி. பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். 1972இல் தேசியப் பூங்கா ஆனது. சுற்றுலாவுக்கான நடை சஃபாரி வேரூன்றியது இந்தப் பள்ளத்தாக்கில்தான். வனவிலங்குத் துறையில் பணியாற்றிய நார்மன் கார், 1950இல் என்செஃபு என்ற இனத்தலைவரோடு பேசி, அவருடைய நிலத்தில் விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு முகாம் அமைத்தார். வருகிற பணம் அந்த மக்களுக்குப் போகும் என்பது ஏற்பாடு. வேட்டையாட வருகிறவர்களை நம்பி ஆப்பிரிக்கச் சுற்றுலா நடந்த காலம் அது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், பயணிகளை நடத்தியே அழைத்துப்போகும் வழக்கமும் அவர் கையாலேயே இங்கே உருவாயிற்று.

லுவாங்வா ஆற்றுக்கு அணை கிடையாது. மழைக்காலத்தில் கரையை அரித்து வளைந்து வளைந்து ஓடும்; பழைய வளைவுகள் ஆற்றை விட்டுப் பிரிந்து குளங்களாக நின்றுவிடும். மே மாதத்துக்குப் பின் மழை அறவே இல்லாததால் உள்காட்டுச் சுனைகள் வற்ற, விலங்குகளெல்லாம் இந்தக் குளங்களுக்கும் ஆற்றுக்கும் இறங்கி வருகின்றன. நீர்யானைகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். வேறெங்கும் இல்லாத தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி இங்கே உண்டு. செப்டம்பர், அக்டோபரில் சிவப்புப் பஞ்சுருட்டான்கள் செங்குத்தான ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். கரையோரம் புளியமரங்கள் நிற்கும். புளி நம்முடையது என்று நினைக்கிறோம்; அதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. அங்கே பழத்துக்கு யானையும் பபூன் குரங்கும் போட்டி.

எந்த மாதம் போகலாம்? நடப்பதற்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. மே மாதத்தில் புல் இடுப்பளவுக்கு மேல் நிற்கும். எருமை இருபது மீட்டரில் படுத்திருந்தாலும் தெரியாது, ஆகவே நடை முகாம்கள் அப்போது பெரும்பாலும் திறப்பதில்லை. நாணலும் கூரைப்புல்லும் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகக் கட்டி, மழைக்கு முன் பிரித்துவிடுகிற முகாம்கள் அவை. ஜூன், ஜூலை விடியற்காலையில் நல்ல குளிர், கம்பளிச் சட்டை வேண்டும். அக்டோபரில் விலங்குகள் மிக அதிகமாகத் தெரியும், வெயிலோ 40 பாகையைத் தாண்டும். முதல்முறை போகிறவருக்கு ஆகஸ்ட் என்பதே என் பரிந்துரை.

ஜாம்பியாவின் தலைநகர் லுசாக்காவிலிருந்து, பூங்காவை அடுத்த முஃபுவே விமான நிலையத்துக்குச் சிறு விமானம் போகிறது. சிறு விமானங்களில் சுமைக்கு வரம்பு உண்டு. பல இடங்களில் 15 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அவற்றின் சரக்கறையில் நுழையாது, துணிப்பைதான் எடுத்துச்செல்ல வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று பூங்கா என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாள் வண்டியில் சுற்றி விலங்குகளுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு ஒரே பள்ளத்தாக்கில் நாலைந்து நாள் நடந்தால்தான் அந்த நிலம் பிடிபடும்.

நடை காலை ஆறு மணியளவில் தொடங்கும். மூன்று, நான்கு மணி நேரம். தூரம் அதிகமில்லை, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர். வரிசை எப்போதும் ஒற்றை வரிசை. முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் பயணிகள் ஆறேழு பேர், கடைசியில் தேநீர்ப் பை சுமக்கும் உதவியாளர். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. இடைவெளி விடக்கூடாது. ஒருவர் படம் எடுக்க நின்று பத்து மீட்டர் பின்தங்கினால், வரிசை இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஒரு விலங்கு புகுந்தால் துப்பாக்கி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். பேசவேண்டுமானால் நாக்கைச் சொடுக்கியோ விரலைச் சொடுக்கியோ வழிகாட்டியை நிறுத்தி, அருகில் போய் மெல்லப் பேசுங்கள். அவர் கை உயர்ந்தால் அப்படியே நில்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்வார்.

வழிகாட்டியின் இடுப்பில் ஒரு சிறு துணிப்பை தொங்கும். உள்ளே சலித்த அடுப்புச் சாம்பல். நடக்கும்போது அதை லேசாகத் தட்டுவார்; பொடி எந்தப் பக்கம் மிதந்து போகிறதோ அந்தப் பக்கம் காற்று வீசுகிறது. தோலுக்கு உறைக்காத காற்றையும் சாம்பல் காட்டிவிடும். யானைக்கும் எருமைக்கும் கண்ணைவிட மூக்கு கூர்மை, ஆகவே அவர் போடும் பாதை முழுவதும் காற்றை வைத்துத்தான். நேரே போகக்கூடிய இடத்துக்கு அரை வட்டம் அடித்துப் போகிறாரே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். வெயில் ஏற ஏற காற்று சுழலத் தொடங்கும். நிலைமை நொடியில் மாறுவது பெரும்பாலும் அதனால்தான்.

யானையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம்மூரில் யானையின் கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் என்று விலகுவோம். ஆப்பிரிக்க யானையில் அது மட்டும் போதாது. அங்கே பெண் யானைக்கும் குட்டிக்கும்கூடப் பதற்றத்தில் கன்னநீர் வழியும். மதம் பிடித்த ஆண் யானைக்குச் சிறுநீர் விடாமல் சொட்டும், பின்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும், நெடி தூரத்திலேயே வரும். அதற்கு மிகத் தாராளமாக வழிவிட வேண்டும். மற்றபடி, காதை விரித்து, தலையைத் தூக்கி, பிளிறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டவைத்து, துதிக்கையைச் சுருட்டி, சத்தமின்றி வருவது மோசம். இதில் விதிவிலக்கு உண்டு, முடிவெடுப்பது வழிகாட்டியின் வேலை. உங்கள் வேலை ஓடாமல் இருப்பது. எந்த விலங்கின் முன்னும் ஓடக்கூடாது. ஓடுவதைத் துரத்துவது சிங்கத்தின் இயல்பு, யானையை ஓட்டத்தில் யாரும் வென்றதில்லை.

நீர்யானையிடம் ஒரே விதி: அதற்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்காதே. இரவெல்லாம் கரையில் மேய்ந்துவிட்டு விடியலில் ஆற்றுக்குத் திரும்பும். அதன் தடத்தை அடையாளம் காண்பது எளிது. அகலமான உடம்பு என்பதால் இடக்கால்கள் ஒரு பள்ளமும் வலக்கால்கள் ஒரு பள்ளமுமாகப் போட்டு, நடுவில் புல் முளைத்த வரப்பு நிற்கும். காலையில் அந்த இரட்டைத் தடத்தில் நடக்கவே கூடாது. கோடை முற்றியபின் இன்னொரு ஆபத்து: குளங்கள் சுருங்கி இடம் கிடைக்காத நீர்யானைகள் பகலிலும் புதர்களில் ஒதுங்கிக் கிடக்கும். எருமையில் அஞ்சவேண்டியது கூட்டத்தையல்ல, கூட்டத்தை விட்டுப் பிரிந்த கிழட்டுக் காளையை. அது மிரட்டிப் பார்ப்பதில்லை, நேரே வந்துவிடும். அதன் முதுகில் உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கர் பறவைகள் இருக்கும். அடர்ந்த புதரிலிருந்து அவை கீச்சிட்டுக் கிளம்பினால் உள்ளே ஏதோ பெரிய விலங்கு இருக்கிறது என்று பொருள். துப்பாக்கி இருக்கிறதே என்று யாரும் தைரியம் கொள்ளக்கூடாது. காவலர் சுடவேண்டிய நிலை வந்தால் ஒரு விலங்கு சாகும். அதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும்.

நடையில் உண்மையான செல்வம் தரையில் கிடக்கிறது. பூனை இனத்துக் காலடியில் நகம் பதியாது, உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும்; கழுதைப்புலியின் தடத்தில் நகக்குறி தெரியும். கழுதைப்புலியின் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கும், எலும்பைத் தின்பதால். யானையின் முன்காலடி வட்டம், பின்காலடி நீள்வட்டம். முன்காலடியின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து இரட்டித்தால், தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். தடத்தின் மீது இரவுப் பூச்சிகள் ஊர்ந்த கோடு இருக்கிறதா என்று வழிகாட்டி குனிந்து பார்ப்பார். இருந்தால் தடம் இரவுக்குரியது. பூச்சிக்கோட்டை மிதித்துத் தடம் விழுந்திருந்தால் விலங்கு இப்போதுதான் போயிருக்கிறது. அங்கிருந்து எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

உடுப்பைப் பற்றி. காக்கி, மண்நிறம், மங்கிய பச்சை. வெள்ளை தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். நீலமும் கறுப்பும் செட்சி என்னும் கடிக்கும் ஈயை இழுக்கும். அங்கே ஈ பிடிக்கும் பொறிகளையே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் செய்கிறார்கள். ராணுவப் புள்ளி போட்ட உடை ஜாம்பியாவில் பொதுமக்களுக்குத் தடை, பெட்டியில்கூட வேண்டாம். காலணி புதிதாக இருக்கக்கூடாது, ஒரு மாதமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். கணுக்காலை மூடுவதாக, அடி தடித்ததாக இருக்கட்டும். வேலமுள் மெல்லிய ரப்பரைத் துளைத்து ஏறிவிடும். கணுக்கால் சுளுக்குத்தான் அங்கே அடிக்கடி நேரும் காயம். லுவாங்வாவின் பல சமவெளிகள் கரிசல் மண். மழையில் அது சேறாக இருக்கும்போது யானை நடந்த குழிகள், வெயிலில் சிமெண்டாக இறுகி, புல்லால் மூடிக்கிடக்கும். தொலைநோக்கியில் பார்க்கும்போது நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள். புதர்க்கொடிகளைக் கையால் விலக்கவும் வேண்டாம். பூனைக்காலி அங்கேயும் உண்டு, அதன் சுணை பட்டால் அன்றைய நடை முடிந்தது. தொலைநோக்கி 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, போதும். பத்து மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பெரிய கேமரா லென்ஸை முகாமில் வைத்துவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், அக்டோபரில் இரண்டு.

கடைசியாக உடல்நலம். லுவாங்வா மலேரியாப் பகுதி. தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் சிலருக்கு வெயிலில் தோலை எளிதில் கருக்கிவிடும், அதை ஊர் திரும்பியபின்னும் நாலு வாரம் சாப்பிடவேண்டும். அட்டோவக்குவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். பலர் வீடு வந்ததும் நிறுத்திவிட்டுப் பிறகு காய்ச்சலில் விழுகிறார்கள். கென்யா, உகாண்டா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் தங்கிவிட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும்.

செட்சி ஈ பகலில், மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும். கொசு மருந்துக்கு அது பெரிதாகப் பயப்படுவதில்லை. அதன் கடியில் அரிதாகத் தூக்கநோய் என்னும் ஒட்டுண்ணி நோய் வரும், லுவாங்வா சென்று வந்த பயணிகளுக்கும் வந்திருக்கிறது. அதற்குத் தடுப்பு மாத்திரை இல்லை. திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல், தலைவலி, கடித்த இடத்தில் வலியோடு சிவந்த வீக்கம் என்று எது தெரிந்தாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக ‘ஜாம்பியாவில் லுவாங்வா பள்ளத்தாக்கில் இருந்தேன், செட்சி ஈ கடித்தது’ என்று சொல்லுங்கள். மலேரியா ரேபிட் டெஸ்டில் தூக்கநோய் தெரியாது. ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நோயின் கிருமிகளும் அந்த ஒரே துண்டில் தெரியக்கூடியவை.

நன்றி, வணக்கம்.